அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போன ரோடு

வெயிலில் நின்ற அம்பாசடர் காரின் பின்கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதும் வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. சூடேறிய ரெக்சின், சீட்டுக்குள் திணித்த தேங்காய்நார், டீசல், இவற்றோடு எங்கள் பக்கத்துப் பன்னீர் திராட்சையின் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த அந்த வாசனை, நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னை ஒரே சமயத்தில் சந்தோஷப்படுத்தவும் செய்தது, பயமுறுத்தவும் செய்தது. சந்தோஷம், முதல்முறையாக மதுரைக்குக் காரில் போகப்போகிறோம் என்பதால். பயம், எதற்காகப் போகிறோம் என்பதை வீட்டில் யாரும் என்னிடம் முழுதாகச் சொல்லாததால்.

எங்கள் வீடு உத்தமபாளையத்தில். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவர் திராட்சை வியாபாரம் செய்தார். தோட்டங்களில் கொடியோடு திராட்சையை விலைபேசி, வெட்டி, மரப்பெட்டிகளில் காகிதம் விரித்து அடுக்கி, மதுரை மார்க்கெட்டுக்கு லாரி ஏற்றிவிடுவார். அம்மா அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் அவளுக்குத் தங்கவில்லை. அதைப் பற்றிய பேச்சு வீட்டில் "தங்கல" என்கிற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். அந்தச் சொல் வந்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

தேனியில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா ஒருநாள் அத்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, நச்சுக்கொடி கீழே இறங்கிப் பிள்ளை வருகிற வழியை மறைத்துக்கொண்டிருக்கிறது, வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்த்து ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பஸ் வேண்டாம், குலுக்கல் வேண்டாம், வழியில் ரத்தம் போக ஆரம்பித்தால் நேரம் கிடைக்காது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். இதெல்லாம் பல வருஷம் கழித்துக் குப்பி சொல்லி எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு என் காதில் விழுந்தது "குலுங்கக் கூடாது" என்பது மட்டும்தான். அந்த வார்த்தை அதற்குப் பிறகு வீட்டின் சட்டமாகிவிட்டது. அம்மா படுத்திருக்கும் கட்டிலில் நான் ஏறக் கூடாது. அவள் பக்கத்தில் ஓடக் கூடாது. குடத்தை இறக்கும்போதுகூடக் குப்பி மெதுவாக இறக்கினாள், அந்தச் சத்தத்தில் அம்மா குலுங்கிவிடுவாள் என்பதுபோல.

குப்பி என்றால் அத்தாவின் அக்கா. ஜெயமங்கலத்தில் இருந்தவள், தம்பி பெண்டாட்டிக்குத் துணையாக ஒரு மாதம் முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வந்த நாளிலிருந்து, எந்த வழியாகப் போவது என்கிற பேச்சு ஆரம்பித்தது. பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகச் சுற்றிப் போனாலும் ரோடு நன்றாக இருக்கும் என்பது அவளுடைய கட்சி. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி உசிலம்பட்டி வழியாகப் போவதுதான் கிட்டம், லாரிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்பது அத்தாவின் கட்சி. காலையில் காப்பி குடிக்கும்போது தொடங்குகிற இந்த வழக்கு, இரவு இஷா தொழுது அத்தா திரும்பி வந்த பிறகும் முடியாது. ஆம்புலன்ஸை வரவழைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, அது வாசலில் வந்து நின்றாலே மனசு விட்டுப்போகும் என்று அம்மா மறுத்துவிட்டாள். அந்த ஏற்பாட்டில் அவள் வாய்திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இவ எங்கூட வரணும்," என்று என்னைக் காட்டிச் சொன்னாள். "இவளைப் பாத்துக்கிட்டே போறேன்."

பள்ளிக்கூடம் இருக்கிறதே, ஆஸ்பத்திரியில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று குப்பி சொல்லிப் பார்த்தாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் போவது அதோடு முடிவாகிவிட்டது.

காரைக் கொடுத்தது அத்தா வழக்கமாகப் பழம் எடுக்கிற தோட்டக்காரர். ஓட்டுவதற்கு வந்தவர் எங்கள் தெருவிலிருந்த மொக்கராசு அண்ணன். விடியும் முன்பே ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் போய், இருட்டும் முன் இறக்கிக்கொண்டு வருகிறவர். கொண்டைஊசி வளைவுகளில் ஒற்றைக் கையால் திருப்புகிற அவருக்குச் சமதளத்து ஹைவே என்றால் கொஞ்சம் கூச்சம். மலையில் எல்லாரும் பயந்து ஓட்டுவார்கள், அதனால் பயமில்லை. இங்கே ஒருவனுக்கும் பயமில்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது என்று அத்தாவிடம் சொன்னாராம்.

அத்தா செய்த ஒரு காரியத்தை எங்கள் தெரு வெகுநாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. கணவாய் வழியில் முதலில் நாம் ஒருமுறை போய் வந்துவிடுவோம் என்று மொக்கராசு அண்ணனைக் கூட்டிக்கொண்டு, அம்மா எப்படிப் படுத்து வருவாளோ அப்படியே பின்சீட்டில் தலையணை போட்டுத் தாமே மல்லாந்து படுத்துக்கொண்டார். அதோடு விடாமல், பழுத்த பன்னீர் திராட்சை ஒரு சின்னப் பெட்டி நிறைய அடுக்கி வயிற்றின்மேல் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மதுரை எல்லை வரைக்கும் அப்படியே போய், திரும்பவும் அப்படியே படுத்து வந்தார். தேனியில் தெரிந்த வியாபாரி ஒருவர் காருக்குள் எட்டிப் பார்த்து, பாய்க்கு என்ன செய்கிறது என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை, வயிற்றில் பிள்ளை என்று மொக்கராசு அண்ணன் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

சாயங்காலம் பெட்டியை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார்கள். மேலே இருந்த கொத்துகள் அப்படியே இருந்தன. அடியில் கொஞ்சம் நசுங்கிக் காகிதத்தில் நீலமாகச் சாறு இறங்கியிருந்தது. எந்தெந்த இடத்தில் நசுங்கியிருக்கும் என்று அத்தா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: வீரபாண்டி தாண்டி ஒரு பாலம், ஆண்டிபட்டி முகப்பில் ஒரு பள்ளம், கணவாய் இறக்கத்தில் ஒரு திருப்பம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குலுங்காமல் சிரிக்க முயன்று முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். போதும், போதும் என்று குப்பிதான் பதறினாள். அம்மா அப்படிச் சிரித்து நான் மாதக் கணக்கில் பார்த்திருக்கவில்லை. நசுங்காத திராட்சையை எல்லாம் அவளும் நானுமாகத் தின்றோம்.

புறப்பட்ட அன்று சுபுஹு தொழுகை முடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் வண்டி எடுத்தார்கள். குப்பியின் மடியில் அம்மாவின் தலை. என் மடியில் அவளுடைய கால்கள். அத்தா முன்னால். திராட்சைப் பெட்டிக்கு விரிக்கிற மாதிரியே வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தையும் இரண்டு கம்பளியும் போட்டு, பின்சீட்டை ஒரு தொட்டிலாக்கியிருந்தார் அவர். சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழையும் நெல்லும். படுத்திருந்த அம்மாவுக்கு மரங்களின் உச்சி மட்டும்தான் தெரியும் என்பதால், கீழே என்ன இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மார்க்கையன்கோட்டைக்குப் பிரிகிற ரோடு, வாய்க்காலில் குளிக்கிற எருமை, தலையில் புல்லுக்கட்டோடு போகிற பெண். ஒன்றும் இல்லாத இடத்திலும் ஏதாவது சொன்னேன். நான் பேச்சை நிறுத்தினால் அம்மாவின் கால் விரல்கள் என் உள்ளங்கையில் அசையும். தொடரச் சொல்கிறாள் என்று அர்த்தம்.

அத்தா நினைவில் வைத்திருந்த பாலமும் பள்ளமும் அவர் சொன்ன இடத்தில் சொன்னபடி வந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் கையைத் தூக்குவார், வண்டி நடந்துபோகிற வேகத்துக்கு வந்துவிடும். ஆண்டிபட்டியைத் தாண்டிக் கணவாய் ஏறி இறங்கியபோது, இனிமேல் கவலையில்லை என்று மொக்கராசு அண்ணன் முதல்முறையாகச் சத்தமாகப் பேசினார்.

உசிலம்பட்டிக்கு முன்னால் ஒரு ஊர். வளைவில் திரும்பியதும் பஸ்களும் லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மொக்கராசு அண்ணன் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் கேட்டுப் பொம்பளைகள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், அதிகாரி வந்து வாக்குக் கொடுத்தால்தான் எழுந்திருப்பார்களாம், போலீஸ் கெஞ்சிக்கொண்டிருக்கிறது என்றார். அத்தாவின் திட்டத்தில் இது இல்லை. திரும்பிப் போய்ச் சுற்றுப்பாதையில் போகலாம் என்றால், அது காட்டுவழி மண்ரோடு. காத்திருக்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா குப்பியின் கையைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள். குப்பி போர்வையை விலக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். என்னை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னாள்.

"தம்பி," என்றாள் அத்தாவிடம். "நிக்கக் கூடாது. ஆரம்பிச்சிருச்சு."

அத்தா இறங்கி ஓடினார். நானும் எப்படியோ கதவைத் திறந்து அவர் பின்னாலேயே ஓடினேன். பஸ்களைத் தாண்டிப் போனால், ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை குடங்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு, சிவப்பு எனப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை வரிசையாக; அவற்றுக்குப் பின்னால் பெண்கள். எங்கள் தெருக்கோடியில் முல்லையாறு வருஷம் பூராவும் ஓடிக்கொண்டிருக்கும். அத்தனை காலிக் குடங்களை நான் அதுவரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

மார்க்கெட்டில் நாலு பேரை ஒரே நேரத்தில் பேசி மடக்குகிற அத்தாவுக்கு அங்கே பேச்சு வரவில்லை. சம்சாரம், ஆஸ்பத்திரி, ரத்தம் என்று தனித்தனிச் சொற்களாகச் சொன்னார். காலையிலிருந்து ஆஸ்பத்திரி என்று சொல்லி இரண்டு வண்டிகள் போய்விட்டன, அதில் ஒன்றில் கல்யாண வீட்டுப் பாத்திரம் இருந்தது என்று ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது வரிசையின் நடுவிலிருந்து, காவிநிறச் சேலை கட்டிய ஒரு பெண், அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம், தன் நீலக் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தாள். அத்தாவுக்கு முன்னால் நடந்து காருக்கு வந்து, ஜன்னலில் தலையை நுழைத்து அம்மாவைப் பார்த்தாள்.

"ஏத்தா, இது எத்தனாவது?"

"தங்குனது ஒண்ணுதே," என்றாள் அம்மா. அந்தச் சொல்லை அவளே சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். அவள் அங்கே என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பெண்கள் எழுந்து அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். பஸ்களும் லாரிகளும் ஓரம் கட்டின. போலீஸ்காரர்கள்கூட ஒதுங்கி நின்றார்கள். எங்கள் கார் வழியில் நுழைந்தபோது அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தி, முன்கதவைத் திறந்து, அத்தாவைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

"அடுத்த ஊர்லயும் உக்காந்திருக்காளுக. ஒங்களைத் தெரியாது. நா வந்தாத்தே விடுவாளுக."

முன்சீட்டில் மொக்கராசு அண்ணன், நடுவில் அத்தா, ஜன்னலோரம் அவள், மடியில் அந்தக் காலிக் குடம். எங்களுக்குப் பின்னால் குடங்கள் மறுபடி ரோட்டை அடைத்தன. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணை மூடாதே, பிள்ளையிடம் பேசிக்கொண்டே வா என்றாள். பேச வேண்டியது நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது. நான் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். வேலிக்கருவை, ஒரு பனைமரம், இரண்டு ஆடு, வேலிக்கருவை. அங்கே சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது.

அடுத்த ஊரிலும் அதேபோல் ரோட்டை அடைத்துப் பெண்கள். அவள் காரைவிட்டு இறங்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, குடத்தைத் தூக்கிக் காட்டி, பிள்ளைத்தாச்சிக்காரி, வழி விடுங்கடி என்று ஒரு குரல் கொடுத்தாள். வழி பிறந்தது. கூட்டத்தைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். அத்தா அவள் பின்னாலேயே இறங்கி, கைகூப்பி என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"வண்டிய எடுங்க," என்றாள் அவள். "நிக்காதீக."

மதுரை ஆஸ்பத்திரியில் அம்மாவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தம் வேண்டும் என்றதும் மொக்கராசு அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போனார். குப்பி என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டே இருந்தாள். அத்தா ஒரு தூணைப் பிடித்தபடி நின்றார். உட்காரச் சொன்னபோது அவருக்குக் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு நர்ஸ் வந்து பெண்பிள்ளை என்றார். அம்மா எப்படி இருக்கிறாள் என்றுதான் அத்தா கேட்டார். நன்றாக இருக்கிறாள், கொஞ்சம் பிந்தியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் பின்னால் வந்து சொன்ன பிறகுதான் அவர் தரையிலேயே உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அவர் அழுததை நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து, அதே காரில் அதே ரோட்டில் திரும்பினோம். அத்தா ஒரு பெட்டி திராட்சையை ஊரிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். அந்த ஊரில் வண்டியை நிறுத்தி, டீக்கடையில் விசாரித்தார். பேர் தெரியாது, காவிச் சேலை, நீலக்குடம் என்று அவர் தடுமாறுவதற்குள், காரில் ஏறிப்போன பேச்சியைக் கேட்கிறீர்களா என்றார் கடைக்காரர். ஊர் முழுக்க அவளுக்கு அந்தப் பேர் வந்துவிட்டிருந்தது.

பேச்சியம்மா காட்டிலிருந்து வந்தாள், கைகாலெல்லாம் மண்ணாக. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தங்கையை வாங்கினாள், உச்சந்தலையை முகர்ந்தாள். அன்றைக்கு நீங்கள் எப்படித் திரும்பிப் போனீர்கள் என்று அம்மா கேட்டாள். எப்படிப் போவது, ரோட்டை அடைத்ததே நாங்கள்தானே, பஸ் ஏது, நடந்துதான் போனேன் என்று சிரித்தாள். அவள் நடந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் அதிகாரி வந்து, பேசி, வாக்குக் கொடுத்து, எல்லாம் கலைந்துவிட்டதாம். பல மாதமாக வீடு வீடாகப் போய்ப் பேசி அத்தனை பேரையும் ரோட்டுக்குக் கூட்டி வந்தது இவள்தான் என்று கடைக்காரர் பக்கத்திலிருந்து சொன்னார். அதிகாரியிடம் கேட்பதற்கென்று அவள் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சை வேறு யாரோதான் பேசினார்கள். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"அதுக்கென்னத்தா," என்றாள் பேச்சியம்மா. "நா இல்லாமயே முடிச்சுட்டாளுக. தண்ணி வருதுல்ல."

பிறகு, வந்ததற்கு ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய்ச் செம்பு நிறைய மொண்டு வந்தாள். அம்மா குடித்தாள், குப்பி குடித்தாள், அத்தா குடித்தார். எனக்குக் கொடுக்கும்போது, கீழே சிந்தாமல் குடி என்றாள். நான் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பல வருஷம், திராட்சைப் பருவத்தில் முதல் வெட்டில் ஒரு பெட்டியை அத்தா லாரிக்காரர்களிடம் கொடுத்து அந்த டீக்கடையில் இறக்கச் சொல்வார். ஊறவைத்துத் தின்னும் மொச்சையோ, கம்போ ஒரு பையில் திரும்பி வரும். ஒருமுறை பெட்டி அப்படியே திரும்பி வந்தது. மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள் என்றார்கள். எந்தப் பகுதி, என்ன வேலை என்று டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்து அத்தாவும் ஓய்ந்துபோனார்.

இப்போது அந்த ரோடு முழுக்க மாறிவிட்டது. ஓரத்துப் புளியமரங்களை வெட்டி அகலப்படுத்திவிட்டார்கள். அத்தா கைதூக்கிய பாலத்தையும் பள்ளத்தையும் தேடினாலும் காணோம். டீக்கடை போய்விட்டது. மொக்கராசு அண்ணன் இறந்து சில வருஷம் ஆகிறது. மலைப்பாதையில் அல்ல, வீட்டில், படுக்கையில், பேரப்பிள்ளைகள் சுற்றி இருக்க. மதுரைக்குப் போவதென்று யாரும் முன்கூட்டிப் பேசிக்கொள்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நல்ல ரோடு. எத்தனையோ பேருடைய அம்மாக்கள் இதில் நேரத்தோடு போய்ச் சேர்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் குறையொன்றும் சொல்லத் தோன்றுவதில்லை.

போன மாதம் அம்மாவின் கண்ணைக் காட்டுவதற்காக மதுரைக்குப் போனோம். ஓட்டியது தங்கை, அவளுக்கு அங்கேதான் வேலை, அந்த ரோட்டில் வாரம் ஒருமுறை போய் வருகிறவள், வேகமாகத்தான் ஓட்டுவாள். கணவாய் இறங்கிக் கொஞ்சதூரம் போனதும் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணாடியை இறக்கினாள். பேச்சியம்மா ஊரின் பெயர்ப்பலகை பச்சையும் வெள்ளையுமாக வந்தது.

"இங்கனதே," என்றாள் அம்மா.

தங்கை அந்தக் கதையைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் காரின் வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த பஸ் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்து, ஒதுங்கி, எங்களைத் தாண்டிப் போயிற்று. இன்னொரு லாரியும் போயிற்று. கடைசி வீடும் தாண்டி, ஊர் முடிகிற பலகை வரும்வரைக்கும் அவள் அந்த வேகத்திலேயே ஓட்டினாள்.